நேர் வடக்கே மூன்று மணி ஐந்து நிமிடம்

கோயம்புத்தூரிலிருந்து தில்லிக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் எல்லோரும் மூன்று மணி நேரம் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். என் பயணச்சீட்டில் பதினொன்று நாற்பதுக்குப் புறப்பாடு, இரண்டு நாற்பத்தைந்துக்குச் சேர்தல் என்று இருந்தது. மூன்று மணி ஐந்து நிமிடம். நான் போட்ட கணக்கில் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம்தான் வந்தது. இடையில் நாற்பது நிமிடத்தைக் காணவில்லை. அதைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் கவலை இல்லை.

முப்பத்து நான்கு வருடம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, ஆட்கள் உள்ளே வந்த நிமிடத்தையும் வெளியே போன நிமிடத்தையும் எழுதியவன் நான். நாற்பது நிமிடம் தொலைந்தது என்றால் அங்கே விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போகட்டும் என்று விடுகிற பழக்கம் எனக்கு வரவில்லை.

நான் தில்லிக்குப் போக நேர்ந்தது ஒரு பாப்பா சட்டையால். என் மகன் எங்கள் ஊரான திருப்பூரில் பதினொரு வருடமாக அடுத்தவர்கள் ஆர்டருக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். முதல் தடவையாக அவன் பெயரிலேயே ஓர் ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி, கைக்குழந்தைகளுக்கான பனியன் சட்டை. அவர்களுடைய அலுவலகம் தில்லியை ஒட்டிய குர்கானில் இருக்கிறது. மாதிரிக்கு இரண்டு சட்டை தைத்து அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றில் கையெழுத்திட்ட அட்டையைக் கட்டித் திருப்பித் தருவார்கள். அதைப் பார்த்துத்தான் மற்ற சட்டைகளையெல்லாம் தைப்பது. முதல் மாதிரி நிறம் சரியில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவது, கழுத்து இறுக்கம், குழந்தையின் தலை நுழையாது என்று திரும்பி வந்தது. மூன்றாவதுதான் கடைசி. அங்கே பொறுப்பில் இருந்த அம்மையார் செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பி அப்படியே வெளிநாடு போகிறார். அதற்குள் அவர் கையெழுத்து விழாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

திங்கட்கிழமை மதியம்தான் சட்டைகள் தயாராயின. கூரியர்காரர் புதன்கிழமைதான் சேரும் என்றார். செவ்வாய்க்கிழமை அதே கம்பெனியிலிருந்து அவனுடைய தையல் யூனிட்டைப் பார்வையிட ஆட்கள் வருவதால் மகனால் நகர முடியாது. அவன் என்னைப் பார்த்தான்.

"அப்பா, நீங்க போயிட்டு வந்தர்றீங்களா?"

"நானா? ப்ளேன்லயா? எழுவத்தொரு வயசுலயா?"

"உக்காந்துட்டுப் போறதுதானுங்கப்பா. நீங்களா ஓட்டப் போறீங்க?"

வாழ்க்கையில் விமானம் ஏறியதில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பயத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பேத்தியின் பள்ளி அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கோயம்புத்தூரும் எழுபத்தேழாம் தீர்க்கரேகையில் இருக்கிறது, தில்லியும் எழுபத்தேழாம் தீர்க்கரேகையில் இருக்கிறது. அப்படியே மேலே போனால் தில்லி. அட்சரேகையில் வித்தியாசம் பதினேழரைப் பாகை. பாகைக்கு நூற்றுப் பதினொரு கிலோமீட்டர். பெருக்கினால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகம் என்றால் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். இந்தக் கணக்கு வந்த சந்தோஷத்தில் என் மனைவியிடம் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நேர் வடக்குங்களா?" என்றாள்.

"நேர் வடக்கு. நூல் புடிச்ச மாதிரி."

"இத்தனூண்டுகூடச் சாயலீங்களா?"

"பத்துல ஒரு பாகைகூட இல்ல, அம்மிணி."

அவள் சுவரில் தொங்கிய தினக்காலண்டரைப் பார்த்தாள். "நாளைக்குச் செவ்வாக்கெழமைங்க. செவ்வாக்கெழமை வடக்க சூலம்."

எந்தக் கிழமை எந்தத் திக்கில் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மின்சார வாரியத்தின் அறிவிப்பு மாதிரி. மீற முடியாது. நான் உடனே பின்வாங்கப் பார்த்தேன். "ஏர்போர்ட் மேக்கால இருக்குது. கார்ல மேக்கதான் போறேன். சூலம் ஒண்ணுமில்ல."

"முடிவா எங்க போறீங்க?"

"தில்லிக்கு."

"அது எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

சும்மா வடமேற்கு என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு வருகிற ஆபத்து இது.

சூலத்துக்குப் பரிகாரம் உண்டு. வடக்கே போவதானால் பால் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் இது மகனின் முதல் ஆர்டர் என்பதால் அவளுக்குப் பால் போதவில்லை. பரஸ்தானமும் வைத்தாள். அதாவது, நல்ல நாளான முந்தின நாளே நம் பையை வேறு ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் நாம் கிளம்புவது பாதி வழியில் கிளம்புவது மாதிரி. எனக்கு இதில் ஒரு தர்க்கம் தெரிந்தது. டைம் ஆபீஸிலும் வருகைப் பதிவு அட்டையை முன்னாலேயே அனுப்பிவிட்டு ஆள் பின்னால் வருகிற வழக்கம் இருந்தது. நான் அதைப் பிடித்து எழுதியிருக்கிறேன்.

"சும்மா ஒரு துண்ட வெச்சர்லாமே" என்றேன்.

"எந்தக் காரியத்துக்குப் போறமோ அதத்தானுங்க வெக்கோணும்."

அப்படியாக இரண்டு பாப்பா சட்டையும் ஒரு மஞ்சள் பைக்குள் போய், திங்கட்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு, எங்கள் தெருவிலேயே வடக்கே ஆறாவது வீட்டில் இருக்கும் என் மச்சினன் வீட்டு ஆணியில் மாட்டப்பட்டன. போன பை திரும்ப எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. காலையில் போகிற வழியில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலை பால் குடித்தேன். குளிருக்காக மூன்று பனியன், மேலே சட்டை, அதற்கு மேலே மகன் யூனிட்டில் மிஞ்சிய தொப்பி வைத்த பனியன் ஒன்று. உலகத்துக்கே உடுப்பு அனுப்புகிற ஊரில் எங்கள் வீட்டில் ஒரு ஸ்வெட்டர் இல்லை. எட்டரைக்கு வாடகைக் காரில் ஏறி, எட்டு முப்பத்திரண்டுக்கு ஆறாவது வீட்டில் இறங்கினேன். வீடு பூட்டியிருந்தது.

போன் போட்டேன். காற்றுச் சத்தத்துக்கு நடுவே மச்சினன் குரல் வந்தது.

"சொல்லுங்க மாமா."

"எங்க மாப்ள இருக்கிற?"

"குண்டடத்துல, தோட்டத்துல மோட்டாரு ரிப்பேருங்க. வந்து அரை மணி நேரமாச்சு."

"பை?"

"எங்கிட்டத்தான் பத்திரமா இருக்குது. ஊட்டுல ஆளில்ல பாருங்க, பரஸ்தானம் வெச்ச பைய ஆளில்லாத ஊட்டுல உட்டுட்டு வரக் கூடாதுன்னு வண்டியிலயே மாட்டிட்டு வந்துட்டேன்."

வடக்கே தில்லிக்குப் போக வேண்டிய சட்டை தெற்கே குண்டடத்துக்குப் போய்விட்டது. காலையில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னோமே என்று கத்தினேன்.

"ப்ளேன் பதினொண்ணு நாப்பதுன்னு நீங்கதான சொன்னீங்க? பதினொண்ணுக்குள்ள ஊட்டுக்கு வந்தர்லாம்னு இருந்தேனுங்க."

"ஏர்போர்ட் நம்ம தெருக் கடைசியிலயா இருக்குது? அங்க ஒண்ணரை மணி நேரம் முந்தியே நிக்கோணும்!"

"ஏனுங்க மாமா, மூணு மணி நேரம் போற வண்டிக்கு ஒண்ணரை மணி நேரம் முந்தியே போயி நிக்கிறதா? தாராபுரம் பஸ்ஸுக்கெல்லாம் நாம எப்பப் போறோம்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பதில் சொல்ல நேரம் இல்லை. பல்லடத்துக்கு வந்துவிடு, நான் அந்த வழியாக வருகிறேன் என்றேன். பல்லடம் போய் சூலூர் வழியாகவும் விமான நிலையம் போகலாம். எனக்குப் பல்லடம் பதினைந்து கிலோமீட்டர். அவனுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. அவன் வண்டி ஓட்டுகிற லட்சணத்தில் ஐம்பது நிமிடம்.

ஒன்பது ஐந்துக்குப் பல்லடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் நின்றேன். வந்த பைக்குகளை எண்ணினேன். நூற்று எழுபத்து மூன்றாவது பைக்கில் மச்சினன் வந்தான். மணி ஒன்பது இருபத்தாறு. கைப்பிடியில் மஞ்சள் பை ஆடிக்கொண்டிருந்தது. பையின் மேல் செம்மண். உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள் சட்டைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. எனக்கு மூச்சு வந்தது.

"மாமா, ஒண்ணு மட்டும் சொல்லீட்டுப் போங்க. அக்காகிட்டச் சொல்லிருவீங்களா?"

"தில்லிக்குப் போயிட்டு வந்து யோசிக்கிறேன்."

பத்து இருபத்து நான்குக்கு விமான நிலையம். அதன் பிறகு வரிசைகள். மொத்தம் நான்கு வரிசை, ஐம்பத்தொரு நிமிடம். சோதனையில் மஞ்சள் பையை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது. அது மறுபக்கம் வரும் வரை நான் இந்தப் பக்கமே நின்றேன். பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார். அந்தப் பை நேற்றிலிருந்து என்னை விட அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது, அதை நம்ப முடியாது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

எனக்கு நடு இருக்கை. ஜன்னல் பக்கம் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் டெய்லர், சொந்த ஊர் உத்தரப் பிரதேசம், தங்கை கல்யாணத்துக்குப் போகிறார். இது அவருக்கு ஆறாவது விமானப் பயணமாம். என் பெல்ட்டை அவர்தான் மாட்டிவிட்டார். விமானம் பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அசைந்தது. நான் நோட்டில் குறித்தேன். அசைந்தது, ஊர்ந்தது, நின்றது, திரும்பியது. பதினொன்று ஐம்பத்தைந்துக்குத்தான் தரையை விட்டது. பதினான்கு நிமிடம்! காணாமல் போன நாற்பதில் பதினான்கு அங்கேயே கிடைத்துவிட்டது. கிளம்புகிறபோது பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன், குறிக்கிற அவசரத்தில் மறந்துவிட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் நோட்டை எட்டிப் பார்த்தார். "என்னங்கய்யா எழுதறீங்க?"

நாற்பது நிமிடக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ட்ரெயின்ல எங்க ஊருக்கு ரெண்டு நாள் போகுதுங்க. ஒரு தடவ இட்டார்சி ஸ்டேஷன்ல ஒன்பது மணி நேரம் நின்னுச்சு. ஒருத்தரும் எழுதல."

"எழுதியிருக்கோணும்."

"எழுதினா ட்ரெயின் கிளம்பிருங்களா?"

தண்ணீர் கொண்டு வந்த பெண்ணிடமும் கேட்டேன், விமானம் எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏன் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்தில் சேரவில்லை என்று. அவர் சிரித்துக்கொண்டே தண்ணீரைக் கொடுத்தார். இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு தண்ணீர் கொடுத்தார். மூன்றாவது முறை கேட்கவில்லை. கழிப்பறை பதினேழு வரிசை தள்ளி இருந்தது.

இரண்டு இருபத்தேழுக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. சேர்ந்துவிட்டோம் என்று எழுந்தேன். டெய்லர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இனித்தானுங்கய்யா பயணமே." அவர் சொன்னது சரி. அந்த விமானம் தில்லித் தரையில் இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. ஒரு பாலத்தின் மேல் ஏறிப் போனது, கீழே கார்கள் போயின. இரண்டு நாற்பத்தொன்பதுக்கு நின்றது. பதினான்கும் இருபத்திரண்டும் முப்பத்தாறு. மீதியெல்லாம் மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஆகியிருக்கும். காணாமல் போன நாற்பது நிமிடத்தில் பெரும்பகுதி தரையிலேதான் கிடந்திருக்கிறது. இவ்வளவு சின்ன விஷயத்தை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஓர் இரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

வெளியே வந்து டாக்ஸி பிடித்து, நெரிசலில் நின்று நின்று, குர்கானில் அந்தக் கட்டடத்தின் எட்டாவது மாடி வரவேற்பறையில் போய் நின்றபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு. வரவேற்பறைப் பெண் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். போன் அடித்தது. மனைவி.

"சேந்துட்டீங்களா? குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல. கூப்புடுவாங்க."

"நல்லதாப் போச்சு. இப்பக் குடுத்தர்றாதீங்க. மூணுல இருந்து நாலரை ராகு காலமுங்க. நாலரை தாண்டிக் குடுங்க."

"நாலரைக்கு அந்த அம்மா கெளம்பீருவாங்க!"

"அப்ப நாலு முப்பத்தொண்ணுக்குக் குடுத்தர்லாமில்லீங்க. ஒரு நிமிசம் நிக்க மாட்டாங்களா?"

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை உள்ளவளோடு நாற்பத்தைந்து வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். இப்போது கொடுத்து, கழுத்து மறுபடியும் இறுக்கம் என்று அந்த அம்மையார் சொல்லிவிட்டால், பிழை தையலில் இருந்தாலும் கெட்ட பெயர் எனக்குத்தான். மிச்ச ஆயுள் முழுக்க அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குப் பரிமாறப்படும். நாலரை வரை காத்திருந்தாலோ மகனுடைய பதினொரு வருடம் லிஃப்ட்டில் இறங்கிப் போய்விடும். கையால் விசிறிக்கொண்டேன். மூன்று பனியன் வேறு.

மேஜை மேல் ஓர் ஆங்கில நாளிதழ் கிடந்தது. வேறு போக்கிடம் இல்லாமல் அதைப் புரட்டினேன். வானிலைக் கட்டத்தில் தில்லியின் சூரிய உதயம் ஏழு எட்டு, அஸ்தமனம் ஐந்து இருபத்தாறு என்று போட்டிருந்தது. டிசம்பர் மாதம். எங்கள் ஊரை விட இங்கே பகல் சின்னது. எனக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது.

ராகு காலம் என்பது என்ன? உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்தால் செவ்வாய்க்கிழமைக்கு ஏழாவது பங்கு. ஆறுக்கு உதயம், ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு காலண்டரில் மூன்றிலிருந்து நாலரை என்று அச்சடிக்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வடக்கே வந்தவனுக்கு அந்தக் காலண்டர் எப்படிச் செல்லும்? நோட்டை எடுத்தேன். தில்லியின் பகல் அறுநூற்றுப் பதினெட்டு நிமிடம். எட்டில் ஒரு பங்கு எழுபத்தேழேகால். ஏழு பங்கு ஒன்பது மணி நேரமும் முக்கால் நிமிடமும். ஏழு எட்டோடு கூட்டினால், ராகு காலம் நான்கு மணி எட்டு நிமிடம் நாற்பத்தைந்து விநாடிக்கு முடிகிறது.

இரண்டு முறை சரிபார்த்தேன். நிமிர்ந்தபோது வரவேற்பறைப் பெண் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேடம் கூப்பிடுகிறார், போகலாம் என்றார். மணி நான்கு ஐந்து.

கழிப்பறை எங்கே என்று கேட்டேன். அங்கே போய்க் கண்ணாடி முன்னால் மஞ்சள் பையோடு நின்றேன். கை கழுவிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வெளியே போய்விட்டார். நான்கு எட்டு ஐம்பதுக்குக் கதவைத் திறந்தேன். ஐந்து விநாடி கூடுதலாகவே விட்டிருந்தேன், கடிகாரம் கொஞ்சம் முன்பின் இருந்தால் என்ன செய்வது?

அந்த அம்மையார் மடிக்கணினியை ஏற்கெனவே பையில் வைத்துவிட்டிருந்தார். சட்டையை மேஜையில் விரித்து, கையால் நீவி, இஞ்ச் டேப்பை எடுத்தார். நீளம், மார்பு, தோள், கை என்று ஒவ்வோர் இடமாக அளந்து ஒரு தாளோடு ஒப்பிட்டார். நான் எண்ணினேன். ஒன்பதாவது இடம் கழுத்து. இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து அளந்தார். தாளைப் பார்த்தார். மறுபடியும் இழுத்து அளந்தார். வேறு ஓர் இடத்தையும் அவர் இரண்டு முறை அளக்கவில்லை, கழுத்தை மட்டும்தான் அளந்தார். என் மகன் திங்கட்கிழமை காலை அந்தக் கழுத்தைத் தானே மெஷினில் உட்கார்ந்து தைத்ததை நான் பார்த்திருந்தேன். குழந்தைக்குத் தலை சீவுகிற மாதிரி குனிந்துகொண்டு தைத்தான்.

பத்தாவது, பதினொன்றாவது இடங்களையும் அளந்துவிட்டு, பேனாவைத் தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன். அட்டையில் கையெழுத்திட்டு, சட்டையில் கோத்து, என் பக்கம் தள்ளினார். நான்கு நிமிடம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வந்ததற்கு நான்கு நிமிடம்.

வெளியே வந்து மகனுக்குப் போன் போட்டேன். "கையெழுத்துப் போட்டுட்டாங்க, கண்ணு. கழுத்தெல்லாம் சரியா இருக்குதாம்."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் வந்தது. பதினாறு விநாடி. பிறகு, "சாப்டீங்களாப்பா?" என்றான். குரல் சரியாக இல்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மையாரும் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். இருவரும் ஒன்றாக இறங்கினோம். மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, உங்கள் விமானம் எத்தனை மணி நேரம் போகும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எட்டு இருக்கும், ஒன்பது இருக்கும். மாதம் ஒரு முறை போகிறேன், ஆனால் கவனித்ததில்லை" என்றார்.

கவனித்ததில்லை என்கிறார்! எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே முழுசாக அறுபது நிமிடம் இருக்கிறது. எனக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. கையில் அவருடைய கையெழுத்து இருந்தது. வாயை மூடிக்கொண்டு, மாடிகளை எண்ணிக்கொண்டே கீழே இறங்கினேன்.